நாலு இடமா மதுரை?

“மதுரையில் பார்க்க வேண்டியது நாலே நாலு இடம். காலையில் வந்து இறங்கினால் மாலைக்குள் முடித்துவிடலாம்.”

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. வேன் ஓட்டுகிறவர் சொன்னால் மன்னித்துவிடலாம். அவருக்கு அடுத்த சவாரி காத்திருக்கிறது. ஆனால் படித்தவர்கள் சொல்கிறார்கள். நாவல் படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் மேடையில் பேசிவிட்டு, மாலையும் சால்வையுமாக இறங்கி வருகிறவர்களும் சொல்கிறார்கள். மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், வண்டியூர்த் தெப்பக்குளம். ஆயிற்று, மதுரை முடிந்தது! அடுத்தது கொடைக்கானல்.

“முடித்துவிடலாம்” என்ற சொல்லைக் கவனியுங்கள். கடனை முடிப்பார்கள், கணக்கை முடிப்பார்கள். சங்கப் புலவர்கள் பாடிய ஓர் ஊரை, இன்னும் உயிரோடு இருக்கிற ஓர் ஊரை, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக முடித்துவிடுகிற சாமர்த்தியம் நம் தலைமுறைக்குத்தான் வாய்த்திருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாலு இடங்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அவற்றுக்குக் காவல் உண்டு, விளக்கு உண்டு, பெயர்ப் பலகை உண்டு. அவை நாளைக்கும் இருக்கும். அவற்றுக்கு நடுவே கிடக்கிற மதுரையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்த மதுரைக்குக் காவல் ஒன்றே ஒன்றுதான்: தெருவில் நடந்து போகிறவனுடைய கண். அந்தக் கண்ணை நாம் வண்டிக்குள் ஏற்றி, கண்ணாடியை உயர்த்தி மூடிவிட்டோம். காவல் இல்லாத வீட்டில் என்ன நடக்குமோ, அது மதுரையில் நடந்துகொண்டிருக்கிறது.

மதுரை காலுக்காகக் கட்டிய ஊர். நடுவிலே கோயில். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதற்கும் வெளியே ஆவணி மூல வீதி. பிறகு மாசி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். எந்த மாதத்து விழாவுக்குச் சுவாமி எந்த வீதியில் புறப்படுவாரோ அந்த மாதத்தின் பெயர் அந்த வீதிக்கு. ஊரின் வீதிகளே ஒரு பஞ்சாங்கம்! அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சித்திரைத் தேர் இன்று ஓடுவது மாசி வீதிகளில். இது என்ன குழப்பம் என்று ஒரு கிழவரைக் கேட்டால், மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்துவிட்டார் என்பார். ஒரு ராஜாவின் ராஜதந்திரமும், சைவ வைணவ சமரசமும் ஒரு தெருவின் பெயருக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன. காரில் போகிறவருக்கு அது வெறும் ஒருவழிப் பாதை.

வடம்போக்கித் தெரு என்று ஒரு பெயர் உண்டு. அது என்ன பெயர் என்று நின்று யோசித்திருக்கிறீர்களா? தேர் மூலையில் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு முன், இழுக்கிற ஜனங்கள் வடத்தோடு நேரே போக இடம் வேண்டும். அந்த வடம் போவதற்கு விட்ட தெரு, வடம்போக்கித் தெரு. ஊரை வகுத்தவனுக்கு ஒரு கயிற்றின் நீளமும், அதைப் பிடித்த ஆயிரம் பேரின் காலும் ஞாபகம் இருந்திருக்கின்றன. இன்று பாலம் கட்டுகிறவனுக்கு ரோட்டைக் கடக்க நிற்கும் ஒரு பாட்டியின் ஞாபகம் கூட வருவதில்லை.

இலக்கியத்துக்கு வருவோம். கோவலன் மதுரைக்கு வந்தவுடன் என்ன செய்தான்? கண்ணகியைக் கவுந்தி அடிகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பினான். அதற்கென்றே இளங்கோவடிகள் ஊர்காண் காதை என்று ஒரு காதை வைத்திருக்கிறார். மணி விற்கிற வீதி, பொன் விற்கிற வீதி, துணி விற்கிற வீதி, தானியம் விற்கிற வீதி என்று ஒவ்வொன்றாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறான் அவன். கையில் காசில்லாதவன், மனைவியின் சிலம்பை விற்க வந்தவன், நாளைக்குச் சாகப் போகிறவன். அவனுக்கு ஊர் பார்க்க நேரம் இருந்தது. நமக்கு இல்லை! மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் பகல் கடைத்தெருவையும் இரவுக் கடைத்தெருவையும் ஜாமம் ஜாமமாகச் சொல்லுகிறார். நடுநிசியில் தெருவில் நின்றவனுக்குத்தான் அந்தப் பாட்டு வரும். ஓடுகிற வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தவனுக்கு வராது.

கவிஞர்கள் இருக்கட்டும், சுவாமியே அப்படித்தான் வருகிறார். கள்ளழகர் அழகர் மலையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் ஜனங்களின் தோளில் ஏறி, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வைகைக்கு வருகிறார். நேரே ஒரு லாரியில் ஏற்றினால் முக்கால் மணியில் வந்துவிடலாம். அந்த யோசனையை யாராவது சொன்னால் மதுரைக்காரர்கள் அவரைச் சும்மா விடுவார்களா? ஆனால் அதே மதுரைக்காரர்கள், தாங்கள் மட்டும் மேலமாசி வீதியிலிருந்து கீழமாசி வீதிக்கு மோட்டார் சைக்கிளில்தான் போவார்கள்.

சரி, பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். கோயிலிலிருந்து மகாலுக்குப் போவோம், வாருங்கள். நிதானமாக நடந்தால் இருபது நிமிஷத் தூரம். பட்டியல்காரர்கள் ஒன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குக் காரில் போவது இந்தத் தூரம்தான். நடுவிலே ஒன்றுமில்லை என்பது அவர்கள் வாதம். பார்க்கலாம்.

கீழைக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். பெயர்தான் புதுசு, திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய வசந்த மண்டபம். நூற்றுக்கு மேற்பட்ட கல் தூண்கள். நாயக்க மன்னர்கள் வரிசையாகத் தூணோடு தூணாக நிற்கிறார்கள். கரும்பு தின்னும் கல்யானை இங்கேதான். எத்தனையோ வருஷம் இந்த ராஜாக்களின் காலடியில் தையற்காரர்கள் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சாங்கமும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகமும் விற்றார்கள். 2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துத் தூண்கள் வெடித்தன. அதன் பிறகு கடைகளைக் கோயிலை விட்டு அப்புறப்படுத்துவது அவசரமாயிற்று. புது மண்டபத்துக் கடைக்காரர்களுக்குக் குன்னத்தூர்ச் சத்திரத்தில் இடம் தந்தார்கள். இது நியாயம்தான். கல்லுக்கும் மூச்சு விட வேண்டும். ஆனால் கடைகள் போனதோடு மண்டபத்தில் தினசரி நடமாடிய கால்களும் போயின. அந்தக் கால்களுக்குப் பதில் வேறு கால்களை அழைத்து வராவிட்டால், நாம் காப்பாற்றி வைத்திருப்பது பூட்டிய அறையில் உள்ள கற்களைத்தான்.

புது மண்டபத்தைத் தாண்டினால் ராயகோபுரம். கட்டி முடிக்காத கோபுரம். நிலைக்கால்கள் மட்டும் ஒரே கல்லில் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அடித்தளத்தின் அகலத்தைப் பார்த்தாலே, முடிந்திருந்தால் மற்றக் கோபுரங்கள் இதன் முன் குழந்தைகள் போல நின்றிருக்கும் என்று தெரிந்துவிடும். ஒரு சக்கரவர்த்தியின் நிறைவேறாத ஆசையை இவ்வளவு வெளிப்படையாக நடுத்தெருவில் வேறு எங்கே காண்பீர்கள்? அதன் மேல் கடைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கயிறுகளும் கம்பிகளும் குறுக்கே ஓடுகின்றன. பக்கத்தில் எழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை ஏழு கடலில் நீராட ஆசைப்பட, சிவபெருமான் ஏழு கடலையும் இங்கே ஒரு குளத்துக்கு அழைத்தார் என்பது திருவிளையாடல். இன்று அங்கே குளம் இல்லை, கடைகள் இருக்கின்றன. ஏழு கடல் வற்றியது யாருக்கும் தெரியவில்லை!

கீழமாசி வீதிக்கு வந்து தெற்கே நடந்தால் கோடியில் விளக்குத்தூண். இதுவும் ஒரு கதைதான். 1840-களில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகள் பிறந்தது அப்போதுதான். அவர் நினைவுக்கு நட்ட தூண் இது. அந்த வேலையில் அவருக்குத் துணை நின்ற இருவரின் பெயர்கள் மாரட் வீதியாகவும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் இன்றும் வழங்குகின்றன. கோட்டை கட்டிய ராஜாவின் பெயர் தெருவுக்கு இல்லை; இடித்த மேஸ்திரியின் பெயர் இருக்கிறது! இதை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். ஆனால் விளக்குத்தூண் என்றால் இன்றைய யாத்திரிகருக்கு ஒரே ஒரு ஞாபகம்தான்: ஜிகர்தண்டா. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் தம்ளரைப் படம் எடுக்கிறவர்கள், செல்போனைக் கொஞ்சம் உயர்த்தித் தூணையும் ஒரு படம் எடுத்தால் குடியா முழுகிப் போய்விடும்?

அடுத்த சந்து பத்துத்தூண் சந்து. சந்து முழுக்கத் துணிக்கடை. கடைகளுக்கு நடுவே, கட்டித் தழுவினால் கை எட்டாத பத்துப் பிரமாண்டமான தூண்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. திருமலை நாயக்கர் அரண்மனையின் தூண்கள்! மகால் இங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளி இருக்கிறது. 1636-ல் கட்டிய அந்த அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது நாலில் ஒரு பங்குதான் என்பார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் பாதியைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். மிஞ்சியதைக் கவர்னர் நேப்பியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழுது பார்த்தார். இதையெல்லாம் மகாலுக்குள் பலகையில் படிக்கலாம். ஆனால் அந்த அரண்மனை எவ்வளவு பெரியது என்பது பலகையில் தெரியாது. பத்துத்தூணிலிருந்து மகால் வரை நடக்க வேண்டும். நடுவே நவபத்கானா தெரு வரும். நவபத் என்றால் அரண்மனை முரசு வாத்தியம். அப்போது புரியும், இத்தனை நேரம் நாம் தெருவில் நடக்கவில்லை, அரண்மனைக்குள்ளே நடந்திருக்கிறோம் என்று. அந்த அரண்மனையை இன்றைக்கும் காலால்தான் அளக்கலாம்.

என் நண்பர் ஒருவர், பத்துத் தடவைக்கு மேல் மதுரைக்கு வந்தவர், மனைவியோடு வந்திருந்தபோது நான் பிடிவாதமாக அவர்களை இந்த வழியே நடத்திக்கொண்டு போனேன். பத்துத்தூண் சந்தில் அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். “என்ன சார் இது, துணிக்கடைக்குள்ளே தூண் நிக்குது?” என்றார். கடைக்காரர் சிரித்தார். “ராஜா காலத்துத் தூணும்மா. யானை கட்டுறதுக்குன்னும் சொல்லுவாக. சரியாத் தெரியலை. வெள்ளைக்காரங்க வருவாங்க, அண்ணாந்து பார்ப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. நம்ம ஆளுங்க சேலை பார்ப்பாங்க, போயிருவாங்க.”

இதைவிடச் சுருக்கமாக என் வழக்கை எந்த வக்கீலும் வாதாட முடியாது. கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவராவது தினமும் தூணைப் பார்க்கிறார். என் கோபம் நம்மேல்தான். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த அந்நியன் அந்தத் தூணின் முன்னால் நின்று கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்கிறான். அவன் கையிலிருக்கும் புத்தகத்தில் அது இருக்கிறது. நம் பட்டியலில் இல்லை.

மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் தமிழல்லாத ஒரு பேச்சு கேட்கும். சௌராஷ்டிரர்களின் வீட்டு மொழி அது. நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய நெசவாளர்கள். சுங்குடிச் சேலை அவர்கள் கைத்திறன். நூலால் முடிந்து முடிந்து, சாயத்தில் தோய்த்து, முடிச்சு அவிழ்த்தால் புள்ளி விழும். மேற்கே போனால் காஜிமார் தெருவில் பெரிய பள்ளிவாசல். கான்சாமேட்டுத் தெரு என்று ஒன்று. ஆங்கிலேயருக்குப் படை நடத்தி, பிறகு அவர்களையே எதிர்த்து, 1764-ல் இந்த மதுரையிலே தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு யூசுப்கானின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது. அனுமந்தராயன் கோயில் தெருவில் ஒரு சின்ன வீட்டில்தான் 1916-ல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி வளர்ந்தார். இவையெல்லாம் கலை இல்லையா? கலாசாரம் இல்லையா? அல்லது கலாசாரம் என்றால் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு பார்ப்பது மட்டும்தானா?

எடுத்துச் சொன்னதும் சிலர் கேட்பார்கள்: “ஐயா, நடப்பது உடம்புக்கு நல்லதுதான். அதற்காக இவ்வளவு ஆவேசம் எதற்கு?”

உடம்பைப் பற்றிப் பேச நான் டாக்டர் அல்ல. உரிமையைப் பற்றிப் பேசுகிறேன். இந்த நாட்டில் தெருவில் நடப்பது லேசில் கிடைத்த பாக்கியம் என்று நினைக்கிறீர்களா? 1924-ல் வைக்கத்தில் நடந்த போராட்டம் எதற்காக? கோயிலுக்குள் போவதற்காகக் கூட இல்லை. கோயிலைச் சுற்றியிருந்த வீதிகளில் நடப்பதற்காக! பெரியார் அதற்காகச் சிறை சென்றார். 1939 ஜூலை 8-ம் தேதி இதே மதுரையில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். பின்னாளில் அமைச்சரான கக்கனும் அவர்களில் ஒருவர். அன்று அவர்கள் வைத்தது சில அடிதான். அந்த அடிகளுக்காக எத்தனை வசவு, எத்தனை வழக்கு! அப்படிப் போராடி எல்லோருக்கும் பொதுவாக்கிய வீதியை, இன்று வண்டி வைத்திருப்பவனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு வாய்மூடி இருக்கிறோம்.

மேலமாசி வீதியில் 251-ஏ என்ற இலக்கமுள்ள வீட்டு மாடியில் 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி தம் சட்டையையும் தொப்பியையும் துறந்தார். உலகம் அறிந்த அந்த அரைவேட்டிக் கோலம் பிறந்தது அங்கேதான். கீழே கதர்க்கடை இருக்கிறது. அந்தக் கோலத்தோடு அவர் முதன்முதலாக ஜனங்கள் முன் தோன்றிய இடம் காந்திப் பொட்டல். காமராஜர் சாலையில் இருக்கிறது. 1959-ல் திறந்த காந்தி மியூசியத்துக்கு வண்டி வண்டியாகப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். வைகைக்கு அக்கரையில் ராணி மங்கம்மாள் காலத்து மாளிகையில் இருக்கிற அருமையான இடம் அது, போகத்தான் வேண்டும். ஆனால் நிகழ்ச்சி நடந்த மாடிக்கும் பொட்டலுக்கும் நடுவே எத்தனை பள்ளிப் பிள்ளைகள் நடந்திருக்கிறார்கள்? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சரித்திரம் நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. தெருவில் நிற்கிற சரித்திரம் இடைஞ்சலாக இருக்கிறது.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

முதல் ஆட்சேபணை, வெயில். மதுரை வெயில் பொல்லாததுதான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு நடக்கச் சொன்னது யார்? இது தூங்காநகரம் என்று நீங்கள்தானே பெருமை அடித்துக்கொள்கிறீர்கள்? விடியற்காலை ஐந்து மணிக்கு மாசி வீதிகளில் பால் வண்டியும் பூக்கூடையும் நடமாடும் நேரத்தில் நடந்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல், கடை மூடும் நேரத்தில் நடந்து பாருங்கள். வெயிலுக்குப் பயந்துதான் நம் முன்னோர்கள் மண்டபமும் திண்ணையும் கட்டினார்கள். திண்ணையை இடித்து வண்டி நிறுத்தம் ஆக்கியவர்கள் இப்போது நிழல் இல்லை என்று புலம்புகிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபணை, குப்பையும் கூட்டமும். “நடக்க இடம் எங்கே சார்? பிளாட்பாரம் முழுக்கக் கடை.” இப்படிச் சொல்கிறவர்கள் பூக்காரியையும் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவளையும் சுட்டிக்காட்டுவார்கள். அந்தப் பூக்காரி அடைத்துக்கொண்டிருப்பது இரண்டு முழம். அவளுக்கு எதிரே ஒரு கார் பூராத் தெருவையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பற்றி இவர்கள் பேசுவதில்லை, ஏனென்றால் அது இவர்களுடைய கார்! நடைபாதை என்று ஒன்று போட்டால் அதன் மேல் டிரான்ஸ்ஃபார்மரை வைப்பது மின்சாரத்துறை. குழி தோண்டி மூடாமல் போவது குடிநீர் வேலைக்காரர். பலகை நடுவது கட்சிக்காரர். எல்லோரும் தின்றது போக மீதிதான் பூக்காரிக்கு.

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகளில் வண்டிகளை நிறுத்தினார்கள். ஆகாயம் இடிந்து விழவில்லை. அங்கே மாலையில் போய்ப் பாருங்கள். கிழவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் கோபுரத்தை நின்று நிதானமாகப் பார்க்கிறார்கள். சித்திரை வீதிக்குச் சரியானது ஆவணி மூல வீதிக்கு எப்படித் தப்பாகும்? நான்கு மாசி வீதிகளிலும் வாரத்தில் ஒரு காலையாவது வண்டியை நிறுத்தினால் எந்த வியாபாரம் அழிந்துபோகும்? தேரோட்டத்தன்று நிறுத்துகிறோமே, அன்றுதானே வியாபாரம் அமோகமாக நடக்கிறது?

மூன்றாவது ஆட்சேபணையைப் பெண்கள் சொல்கிறார்கள். இதற்கு மட்டும் என்னிடம் கேலி கிடையாது. ஓர் ஆண்பிள்ளை தெருவில் நின்று ஒரு தூணை அண்ணாந்து பார்த்தால் ரசிகன் என்கிறோம். ஒரு பெண் தனியாக அப்படி ஐந்து நிமிஷம் நின்றால் பத்துப் பேர் அவளைப் பார்க்கிறார்கள். கண்ணகி நீதி கேட்டு நடந்த ஊர் என்று மேடையில் முழங்குகிறோம். அந்த ஊரில் ஒரு கல்லூரிப் பெண் நோட்டும் பென்சிலுமாக ராயகோபுரத்தை வரைந்துகொண்டு நிற்க முடிகிறதா? இதற்கு மருந்தும் நடைதான் என்பது என் எண்ணம். யாரும் நடக்காத தெருவில்தான் நடக்கிறவளுக்குப் பயம். நாலு குடும்பம், நாற்பது மாணவிகள், நூறு கிழவர்கள் நடக்கிற தெருவில் வம்புக்காரன் தானே ஒதுங்குவான்.

கடைசி ஆட்சேபணை நேரம். “வேலைவெட்டி உள்ளவர்களால் முடியுமா?” என்பார்கள். இதைச் சொல்கிறவர்கள், கோயிலுக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் சுற்றியவர்கள். சுற்றியதும் அதே வீதிகளில்தான்! நடந்திருந்தால் அதற்குள் மகால் வந்திருக்கும்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமல்ல. மாநகராட்சிக்குச் சில விண்ணப்பங்கள். மாசி வீதிகளுக்கு உட்பட்ட தெருக்களில் நடக்கிறவனுக்கு முதல் உரிமை என்று சட்டமாக்குங்கள். பத்துத்தூணுக்கும் ராயகோபுரத்துக்கும் எழுகடல் தெருவுக்கும் விளக்குத்தூணுக்கும் நல்ல தமிழில், சரியான வருஷத்தோடு, கல்லில் பொறித்த குறிப்பு வையுங்கள். மந்திரி பெயர் அதில் வேண்டாம். உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் கொஞ்சம் நிழலும் கொடுங்கள். பள்ளிக்கூடத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையும் கோயிலிலிருந்து மகால் வரை நடந்தே போகட்டும், திரும்பி வந்து, வழியில் கண்டதைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். சரித்திரப் புத்தகத்தின் பத்து அத்தியாயத்துக்கு அது சமானம்.

வாசகர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மாநகராட்சி செய்யட்டும் என்று காத்திருந்தால் நம் காலத்தில் நடக்காது. 1952-ல் பராசக்தி படத்தோடு திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிய கொட்டகை, இன்று இல்லை. அது போனபோது பழைய ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள். கொட்டகைக்காவது பெருமூச்சு கிடைத்தது. எத்தனையோ வீட்டு முகப்புகள், மரத்தூண் திண்ணைகள், சின்னச் சின்ன மண்டபங்கள் பெருமூச்சு கூட இல்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. நேற்று அங்கே என்ன இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. தினமும் அந்த வழியே நடந்தவன் ஒருவன் இருந்திருந்தால், இடிக்கிற அன்று “ஏனப்பா இடிக்கிறீர்கள்?” என்றாவது கேட்டிருப்பான். சில சமயம் அந்த ஒரு கேள்வியே ஒரு கட்டிடத்தைக் காப்பாற்றும்.

மதுரையில் இருக்கிறவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிழக்குக் கோபுர வாசலுக்குக் குழந்தைகளோடு வாருங்கள். செருப்பு உறுதியாக இருக்கட்டும். புது மண்டபம், ராயகோபுரம், எழுகடல் தெரு, கீழமாசி வீதி, விளக்குத்தூண், பத்துத்தூண், நவபத்கானா தெரு, மகால். நின்று, கேட்டு, கடைக்காரரிடம் பேசி நடந்தாலும் எட்டு மணிக்குள் டிபனுக்குப் போய்விடலாம். வேறு ஊரில் இருக்கிறவர்கள், உங்கள் ஊர்ப் பட்டியலில் ஒன்றாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். அது இன்னும் அங்கே இருக்கும்போதே பாருங்கள்.